ரோட்சே ஏரியில் வெள்ளிக்கிழமை: லைட்வெயிட் ஹீட்ஸ் பார்க்கப் போகிறவர்களுக்கு

சுவிட்சர்லாந்தின் லுசேர்னுக்குப் போகிறவர்கள் பழைய மரப்பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு, பிலாட்டஸுக்கோ டிட்லிஸுக்கோ ஏறி இறங்கிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நகரின் வட எல்லையில் இரண்டு மேட்டு வரிசைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ரோட்சே ஏரியை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. நீளம் சுமார் 2.4 கிலோமீட்டர். துடுப்புப் படகுப் பந்தயத்துக்கு வேண்டியது 2000 மீட்டர் நேர்கோடு. அது இங்கே இயற்கையாகவே அமைந்துவிட்டது. இருபுறமும் மேடு இருப்பதால் பக்கக் காற்றும் குறைவு. உலகக் கோப்பைத் தொடர் 1997-இல் தொடங்கியதிலிருந்து லுசேர்ன் சுற்று பெரும்பாலும் மே முதல் ஜூலைக்குள் ஏதோ ஒரு வார இறுதியில் இங்கேதான் நடக்கிறது.

எடை வரம்புக்குள் இருப்பவர்களுக்கான லைட்வெயிட் பிரிவுக்கும் இந்த ஏரிக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1974-இல் இங்கே நடந்த உலக சாம்பியன்ஷிப்பில்தான் ஆண்கள் லைட்வெயிட் போட்டிகள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டன. பெண்கள் லைட்வெயிட் 1985-இல் வந்தது. ஒலிம்பிக்கில் 1996 அட்லாண்டாவில் நுழைந்த பிரிவு, 2024 பாரிஸோடு வெளியேறிவிட்டது. அதனால் டிக்கெட் எடுக்கும் முன் அந்த ஆண்டின் போட்டிப் பட்டியலைத் திறந்து, லைட்வெயிட் இருக்கிறதா, எந்தெந்தப் படகுகள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டியலில் எல்லாம் குறியீடாகத்தான் இருக்கும். எல்.எம்.2எக்ஸ் என்றால் லைட்வெயிட், ஆண்கள், இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு துடுப்பு. பெண்கள் என்றால் எம் இருக்கும் இடத்தில் டபிள்யூ.

போய்ச் சேர்வது சுலபம். லுசேர்ன் நிலையத்திலிருந்து எஸ்1 ரயிலில் ஏறினால் எபிகோன் வந்துவிடும். தண்டவாளம் ஏரிக்கரையை ஒட்டியே போகிறது. 1-ஆம் எண் பேருந்தும் எபிகோன் வரை ஓடுகிறது. இறங்கி நடக்க வேண்டியதுதான். கரையோரப் பாதையில் பயிற்சியாளர்கள் சைக்கிளில் படகுகளோடு கூடவே வருவார்கள். கண் முழுக்கத் தண்ணீரில் இருக்கும், பாதையில் இருக்காது. ஓரமாக நில்லுங்கள்.

மூன்று நாள் ரெகட்டாவில் (படகுப் போட்டித் தொடர்) ஹீட்ஸ் எனப்படும் முதல் சுற்றுத் தகுதிப் பந்தயங்கள் வெள்ளிக்கிழமை வரும். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டிக்குத்தான். விஷயம் தெரிந்தவர் ஒரு நாள்தான் போக முடியும் என்றால் வெள்ளியைத் தேர்ந்தெடுப்பதே சரி. இறுதிப் போட்டியில் எல்லோரும் முழு மூச்சாக வலிப்பார்கள், அவ்வளவுதான். யார் எவ்வளவு பலத்தை மிச்சம் பிடிக்கிறார்கள், யார் கணக்குத் தப்பிப்போய் அடுத்த நாள் கூடுதலாக ஒரு பந்தயம் ஓட்டப் போகிறார்கள் என்பதெல்லாம் ஹீட்டில்தான் தெரியும். லைட்வெயிட்டில் இந்தக் கணக்கு தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே, தராசில் தொடங்கிவிடுகிறது.

விதி இது. ஆண்கள் குழுவின் சராசரி எடை 70 கிலோவைத் தாண்டக்கூடாது. எந்த ஒருவரும் 72.5-க்கு மேல் இருக்கக்கூடாது. பெண்களுக்குச் சராசரி 57, தனிநபர் உச்சவரம்பு 59. ஒற்றையர் படகில் சராசரி என்ற பேச்சே இல்லை, உச்சவரம்பு மட்டும்தான். இரட்டையர் என்றால் ஆண்கள் இருவரும் சேர்ந்து 140, பெண்கள் 114. ஒருவர் 72.5 என்றால் கூட்டாளி 67.5-இல் நிற்க வேண்டும். எடை பார்ப்பது அன்றைய முதல் பந்தயத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பு வரை. போட்டி உடையோடு, காலணி இல்லாமல், அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஏற வேண்டும். தராசு 100 கிராம் வரை துல்லியமாகக் காட்டும். தாண்டினாலோ நேரம் தவறினாலோ அந்தப் போட்டியிலிருந்தே வெளியே. ஒரு முறை தேறிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை; பந்தயம் உள்ள ஒவ்வொரு நாளும் மறுபடி ஏற வேண்டும். வெள்ளி ஹீட், சனி அரையிறுதி, ஞாயிறு இறுதி என்றால் மூன்று காலைகளும் தராசுதான்.

எடை பார்க்கும் இடத்துக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள். ஆனால் அதன் விளைவுகளை வெளியில் நின்றே பார்க்கலாம். நல்ல வெயிலில் இரண்டு மூன்று அடுக்குச் சட்டை, தலையில் கம்பளிக் குல்லாய் சகிதம் ஒருவர் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால், அவருக்கு இன்னும் சில நூறு கிராம் வியர்வை பாக்கி என்று பொருள். முந்தின நாள் நார்ச்சத்தையும் உப்பையும் குறைத்து, குடலில் தங்கும் பளுவைக் கழிப்பது முதல் படி. மிச்சத்தைக் காலையில் வியர்த்துத் தீர்ப்பது இரண்டாவது. சரிபார்ப்புத் தராசு ஒன்று தனியாக வைத்திருப்பார்கள். அதில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் அதிகாரபூர்வத் தராசுக்குப் போவார்கள்.

இறங்கியதும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இழந்த நீரை மீட்க வேண்டும். வெறும் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்தால் பாதி சிறுநீராகப் போய்விடும், மீதி வயிற்றில் குலுங்கும். உப்பும் சர்க்கரையும் கலந்த பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, எளிதில் செரிக்கும் மாவுச்சத்து ஏதாவது சாப்பிடுவதுதான் முறை. வெண்ணெயோ நாரோ உள்ள உணவைத் தொடமாட்டார்கள். வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே மரத்தடியில் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் இருவர் ஓய்வெடுப்பதாக நினைக்க வேண்டாம். மிக அதிகமாக வியர்த்து எடை இறக்கிய குழுவை 1200 மீட்டருக்கு மேல் கண்டுபிடித்துவிடலாம். தொடக்கம் நன்றாக இருக்கும். பிறகு துடுப்பு தண்ணீருக்குள் இருக்கும் நீளம் சுருங்கிக்கொண்டே வரும்.

படகு நிறுத்தும் பகுதியை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தாலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. இரட்டையர் ஸ்கல் படகின் குறைந்தபட்ச எடை 27 கிலோ, ஒற்றையருக்கு 14. துடுப்புகள் இதில் சேராது. ரிக்கர் (துடுப்பைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் சட்டம்), இருக்கை, படகில் பொருத்திய காலணி சேரும். பந்தயம் முடிந்த படகுகளில் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து நிறுத்துப் பார்ப்பார்கள். எடை குறைவாகக் கட்டப்பட்ட படகு என்றால் உள்ளே கூடுதல் எடைக்கட்டையை இறுகப் பொருத்தியிருக்க வேண்டும். முன்முனையில் இருக்கும் வெள்ளை ரப்பர் பந்து அழகுக்கு அல்ல. மோதினால் ஆளைக் குத்தாமலிருக்க வைத்தது. குறைந்தது 4 சென்டிமீட்டர் விட்டம் வேண்டும். காலணியின் குதிகாலைக் கட்டியிருக்கும் கயிறும் விதிப்படிதான்: குதிகால் ஓரளவுக்கு மேல் எழக்கூடாது. படகு கவிழ்ந்தால் கால் தானாகக் கழன்று வருவதற்காக.

எதிர்க்காற்று கிளம்பினால் பயிற்சியாளர் துடுப்பின் வளையத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டைச் சொருகுவதைக் கவனியுங்கள். கிளாம் என்பார்கள். ஒரு சென்டிமீட்டர் தடிமன். அதைப் போட்டால் கைப்பக்க நீளம் கூடி, வெளிப்பக்கம் குறைந்து, இழுவை இலகுவாகிறது. அலை இருந்தால் துடுப்பைப் பிடித்திருக்கும் பூட்டின் கீழ் வளையங்களை மாற்றி உயரத்தைக் கூட்டுவார்கள். எல்லாப் பயிற்சியாளர் பையிலும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் இருக்கும். தண்ணீரில் இறங்குமுன் ரிக்கர் நட்டுகளையும் பூட்டுத் திருகையும் கடைசியாக ஒரு முறை விரலால் திருகிப் பார்ப்பது ஒரு பழக்கம்; பூட்டு சரியாகத் திருகப்படாமல் பாதி வழியில் திறந்துகொண்டால் துடுப்பு கையோடு வந்துவிடும்.

தொடக்க முனைக்கு ஒரு தடவையாவது நடந்து போய்ப் பாருங்கள். மிதவை மேடையில் குப்புறப் படுத்திருப்பவர் படகின் பின்முனையைக் கையில் பிடித்திருப்பார். முன்முனைகள் ஒரே கோட்டில் நிற்க, பக்கவாட்டிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் சில சென்டிமீட்டர் முன்னே தள்ளுவார் அல்லது இழுப்பார். குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே படகு வந்து நிற்க வேண்டும். தாமதித்தால் மஞ்சள் அட்டை. பிறகு லேன் வரிசைப்படி பெயர் வாசிப்பு. ‘அட்டென்ஷன்’ என்றதும் சிவப்பு விளக்கு. ஒரு சின்ன இடைவெளி. எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாது. பச்சையும் ஒலியும் சேர்ந்து வரும். முந்திக்கொண்டு கிளம்பினால் மஞ்சள் அட்டை, இரண்டாவது மஞ்சள் என்றால் வெளியேற்றம். முதல் 100 மீட்டருக்குள் உபகரணம் உடைந்தால் பந்தயத்தை நிறுத்திவிடுவார்கள். அதற்கு அப்பால் உடைந்தால் அவரவர் தலைவிதி.

லேன் ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் அகலம். இரட்டையர் படகில் சுக்கான் கிடையாது. அடியில் மீன் துடுப்பு போல அசையாத ஒரு சிறு தகடு மட்டும். முன்முனையில் இருப்பவர் அவ்வப்போது தோளைத் திருப்பிப் பார்த்து, ஒரு கையை அழுத்தி வலித்து நேராக்குவார். தடம் மாறும்போது பின்னால் வரும் நடுவர் வெள்ளைக் கொடியை உயர்த்தி, நாட்டின் பெயரைக் கூப்பிட்டுத் திசை காட்டுவார்.

வேகத்தை எடைபோட ஒரு கைக்கடிகாரம் போதும். மூன்று முறை துடுப்பு வலிக்க எத்தனை நொடி என்று எடுத்து, 180-ஐ அதால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை முறை வலிக்கிறார்கள் என்பது கிடைக்கும். 5 நொடி என்றால் 36. 4.5 நொடி என்றால் 40. தொடக்கத்தில் 45-ஐத் தாண்டும். நடுவில் 35-38-க்கு இறங்கும். கடைசி 250 மீட்டரில் மறுபடி ஏறும். ஹீட்டில் பார்க்க வேண்டியது இந்தக் கடைசிப் பகுதிதான். இரண்டாம் இடத்தில் இரண்டு படகு நீள இடைவெளியோடு வருகிறவர்கள் 32-க்கு இறக்கிவிட்டால், நாளைக்கு மிச்சம் பிடிக்கிறார்கள். மூன்றாவதும் நான்காவதும் 40-ஐத் தாண்டி உயிரைக் கொடுத்து வலித்தால், தகுதிக்கோடு அவர்களுக்கு நடுவில் விழுகிறது என்று பொருள்.

அந்தக் கோடு எங்கே என்பது தொடக்கப் பட்டியலிலேயே அச்சாகியிருக்கும்: முதல் இத்தனை பேர் அரையிறுதிக்கு, மற்றவர் ரெப்பசாஜ் எனப்படும் இரண்டாம் வாய்ப்புப் பந்தயத்துக்கு. எல்லா ரெகட்டாவிலும் ரெப்பசாஜ் வைப்பதில்லை. சிலவற்றில் அடுத்த வேகமான நேரங்களை வைத்து ஆளெடுப்பார்கள். அப்படி இருந்தால் யாரும் கடைசியில் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள்.

ரெப்பசாஜ் என்ன செய்யும் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக்கின் ஆண்கள் லைட்வெயிட் இரட்டையர் நல்ல உதாரணம். 18 குழு, மூன்று ஹீட், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு நேராக அரையிறுதிக்கு. இந்தியாவின் அர்ஜுன் லால் ஜாட் – அர்விந்த் சிங் ஜோடி ஹீட்டில் 6:40.33-இல் ஐந்தாவது. மறுநாள் ரெப்பசாஜில் 6:51.36-இல் மூன்றாவதாக வந்து அரையிறுதிக்குள் நுழைந்தார்கள். அரையிறுதியில் 6:24.41-இல் ஆறாவது. 7 முதல் 12 வரையிலான இடங்களுக்கான பி இறுதியில் 6:29.66-இல் ஐந்தாவது, மொத்தத்தில் 11-ஆம் இடம். ரெப்பசாஜுக்கும் அரையிறுதிக்கும் நடுவே 27 நொடி வித்தியாசத்தைப் பாருங்கள். அவர்கள் மூன்று நாளில் அவ்வளவு முன்னேறிவிடவில்லை. பெரும்பகுதி காற்றும் தண்ணீரும் செய்த வேலை. அதே அரையிறுதி நாளில்தான் அயர்லாந்தின் ஃபின்டன் மெக்கார்த்தி – பால் ஓ’டோனோவன் 6:05.33 என்ற உலகின் சிறந்த நேரத்தைப் பதித்தார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை ஒரு ஹீட்டின் நேரத்தை, ஒரு மணி நேரம் கழித்து நடந்த வேறு பிரிவு ஹீட்டின் நேரத்தோடு ஒப்பிட்டு முடிவு கட்டாதீர்கள். ஒரே பிரிவில் அடுத்தடுத்த ஹீட்களை ஒப்பிடலாம். அதுவும் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு. 500, 1000, 1500 மீட்டர் இடைநேரங்கள் பலகையில் வரும். ஒவ்வொரு 500 மீட்டரின் நேரத்தையும் தனித்தனியாகக் கழித்துப் பார்ப்பது மொத்த நேரத்தைவிடப் பயன்.

பந்தயம் முடிந்ததும் நடுவரின் கொடியைப் பாருங்கள். வெள்ளை என்றால் பிரச்சினை இல்லை. யாராவது கையைத் தூக்கியிருந்தால், அல்லது சிவப்புக் கொடி என்றால், முடிவு இன்னும் உறுதியாகவில்லை.

உட்கார இடம் பற்றி ஒன்று. எல்லோரும் முடிவுக்கோட்டுக்கு அருகில் நிற்பார்கள். ஹீட்டுக்கு 1250 முதல் 1500 மீட்டர் வரையிலான கரைப்பகுதியே மேலானது. அங்கேதான் முன்னணிக் குழு பிரிந்து போகும், பின்னால் இருப்பவர் தாக்குவதா விடுவதா என்று முடிவெடுப்பார். பைனாகுலர் கொண்டு போங்கள். 8 மடங்கு போதும். மாலையில் சனிக்கிழமைத் தொடக்கப் பட்டியல் வந்துவிடும். ஹீட்டில் முன்னுக்கு வந்தவர்கள் நடு லேன்களான 3, 4-இல் இருப்பார்கள். பக்கக் காற்று அடித்து லேன்களுக்குள் பாரபட்சம் இருப்பதாகத் தெரிந்தால், காற்று படாத ஓர லேனை அவர்களுக்குக் கொடுத்து மாற்றி அமைப்பார்கள். அதனால் காலையில் ஒரு முறை மறுபடி பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.