பட்டியலில் 38, வெளியில் 35

எங்கள் அலுவலக மாடிக்கு ஃபயர் வார்டன், அதாவது தீப்பிடித்தால் எல்லோரும் வெளியேறிவிட்டார்களா என்று பார்க்கிறவர், நான்தான். கேட்டு வாங்கிய பொறுப்பு இல்லை. முன்பு இருந்தவர் வேலையை விட்டுப் போகும்போது அந்த மஞ்சள் மேல்சட்டையை என் நாற்காலியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

முதல் ஒத்திகை, முன்கூட்டியே அறிவித்து நடத்தியது. அலாரம் அடித்த ஐந்தாவது நிமிடம் எல்லோரும் கூடுமிடத்தில் நின்றார்கள். எனக்கு ஒரே பெருமை. பட்டியலை எடுத்து எண்ணினேன். பட்டியலில் 38 பேர். நின்றவர்கள், என்னையும் சேர்த்து 35.

சரி, மூன்று பேர்தானே என்று பெயர் பெயராகக் கூப்பிட்டால், காணாமல் போனது ஐந்து பேர். நின்றவர்களில் இரண்டு பேர் நேர்காணலுக்கு வந்தவர்கள். கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி வந்திருக்கிறார்கள்.

அந்த ஐந்து பேரில் ஒருவர் விடுப்பு. என் கையிலிருந்தது சம்பளப் பட்டியல், அன்றைய வருகைப் பட்டியல் இல்லை. இரண்டு பேர் வெயில் தாங்காமல் போய்க் காரில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கழிவறையில். உள்ளே அலாரம் சரியாகவே கேட்கவில்லையாம். வெளியே வந்து காலியான ஹாலைப் பார்த்து, ஏதோ மீட்டிங் போலிருக்கிறது என்று சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாமவர் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு வருகிறவர். லிஃப்ட் கூடாது என்று நாங்களே ஒட்டியிருந்த அறிவிப்பை மதித்து, படிக்கட்டு வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

நிஜத் தீயில் தீயணைப்பு வீரர்கள் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பதுதான். விடுப்பில் இருப்பவரைக் காணோம் என்று சொன்னால், இல்லாத ஆளைத் தேடி ஒருவர் புகைக்குள் போவார். எல்லோரும் வந்தாயிற்று என்று சொன்னால், கழிவறையில் இருப்பவரைத் தேட யாரும் போகமாட்டார்கள். எத்தனை நிமிடத்தில் இறங்கினோம் என்பதையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது அன்றுதான் உறைத்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பாதிப் பேருக்குப் பின்பக்கப் படிக்கட்டுதான் கிட்டத்தில், ஆனாலும் எல்லோரும் தினமும் வந்துபோகிற முன்படிக்கட்டிலேயே போய் நெருக்கியடித்தார்கள். பதற்றத்தில் மனிதர் தேடுவது பக்கத்து வாசலை இல்லை, பழகிய வாசலை. பின்படிக்கட்டைப் போய்ப் பார்த்தால் உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருந்தன. "ஒரு வாரத்துக்குத்தான்" என்றார்கள். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள். ஒன்பதாவது மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. இதைச் சொல்லித்தான் சண்டை போட்டேன். சாயங்காலத்துக்குள் நாற்காலிகள் போய்விட்டன.

அப்புறம் மாற்றியவை அப்படியொன்றும் பெரிய விஷயங்கள் இல்லை. அன்றைய வருகைப் பட்டியல் தினமும் காலையில் அச்சாகிறது. வெளியாட்கள் கையெழுத்துப் போடும் நோட்டை வரவேற்பில் இருப்பவர் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கவேண்டும். கழிவறை, மீட்டிங் அறைகளைப் பார்த்துவிட்டு வர இரண்டு பேர். பார்த்த அறையின் கதவைச் சாத்திவிட்டுத்தான் வரவேண்டும், சாத்திய கதவு புகையைக் கொஞ்ச நேரமாவது தடுக்கும். காருக்குப் போகக்கூடாது என்பதற்கு மட்டும் இன்னும் முணுமுணுப்பு ஓயவில்லை.

ஊன்றுகோல்காரரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்குவதாக நாங்களே ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தோம். அவரிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். "தூக்கிக் கீழே போட்டுடாதீங்க. கூட்டம் இறங்கினதும் நான் ஒவ்வொரு படியா உட்கார்ந்தே இறங்கிடுவேன். ஊன்றுகோலைப் பிடிச்சுக்கிட்டுக் கூட ஒருத்தர் வந்தாப் போதும்" என்றார். துணைக்கு இரண்டு பேரைப் போட்டோம், ஒருவர் விடுப்பில் போனாலும் இன்னொருவர் இருப்பார்.

இரண்டாவது ஒத்திகை, சொல்லாமல் வைத்தது. பட்டியலில் 36. எண்ணினேன், 35. மறுபடியும் எண்ணினேன், அதே 35. வயிற்றைக் கலக்கியது. பெயர்களை வாசித்தால் ஒவ்வொன்றுக்கும் "இருக்கேன்" வருகிறது. கடைசியில் ஊன்றுகோல்காரர்தான் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, விடுபட்டிருந்த ஒரே பெயரை உரக்க வாசித்தார். என் பெயர். ஆற்றைக் கடந்ததும் தலையெண்ணிய சீடர்கள் கதைதான்.