கோத்தகிரித் தோட்டத்தில் நத்தை பிடித்த கதை

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வீட்டுக்குப் பின்னாலிருந்த பாத்தியில் முட்டைக்கோஸ் நாற்றுகளுக்குத் தண்டு மட்டும்தான் மிஞ்சியது. புழு கடித்திருந்தால் இலையில் எச்சம் கிடக்கும். இங்கே கிடந்தது காய்ந்து மினுங்கும் கோடு. நத்தைதான், அதிலும் ஓடில்லாத வகைதான் அதிகம்.

கோயம்புத்தூர்ச் சொந்தங்கள் சாம்பல் போடு, முட்டை ஓட்டை நொறுக்கிப் போடு என்றார்கள். காய்ந்த ஊருக்கு அது சரி. இங்கே மூடுபனி இறங்கினால் சாம்பல் சேறாகிவிடும். நத்தை அதன் மேலேயே சளியைத் தடவிக்கொண்டு போய்விடும். பாத்தியில் உப்புத் தூவினால் நத்தை சாகும், மண்ணும் கெடும். பீரும் வைத்துப் பார்த்தேன். புளித்த வாசனைக்குச் சில வந்து விழுந்தன, ஆனால் ஒரு மழைக்கே கிண்ணம் நிரம்பி வழிந்தது. டாஸ்மாக் வாசலில் நின்றதற்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான்.

கைகொடுத்தது பழைய கோணிச்சாக்கு. சாயங்காலம் நனைத்துப் பாத்தியோரம் விரித்து, அடியில் முட்டைக்கோஸின் வெளி இலைகளைப் போட்டு வைப்பேன். இரவெல்லாம் மேய்ந்துவிட்டு, விடிவதற்குள் ஈரமான இருட்டைத் தேடி அதனடியில் ஒண்டிக்கொள்ளும். வெயில் ஏறுமுன் சாக்கைப் புரட்டி, இடுக்கியால் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட வேண்டியதுதான். வெறுங்கையால் தொடாதீர்கள். எலியிடமிருந்து நத்தைக்கு வரும் ஒருவகைப் புழு மனித மூளையைத் தாக்கக்கூடியது. பச்சையாகத் தின்னும் கீரையையும் லெட்யூஸையும் இலை இலையாகக் கழுவுங்கள்.

இரவு டார்ச்சோடு ஒரு சுற்று சுற்றினால் இன்னும் நிறைய மாட்டும். குளிரில் அதுதான் சிரமம்.

“தண்ணிய காலையில ஊத்து தம்பி, ராத்திரிக்கு மண்ணு காஞ்சிருக்கணும்” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. மழை விட்ட நாட்களில் இது நன்றாகவே வேலை செய்கிறது.

நத்தையைக் கொல்லக் கடையில் கிடைக்கும் மெட்டால்டிஹைடு என்ற விஷக் குருணையை நான் வாங்கவில்லை. நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து, எங்கள் வீட்டு நாயோ எதையும் விட்டுவைக்காது.

தொட்டிகளையும் கற்களையும் தூக்கிப் பாருங்கள். ஜவ்வரிசி மாதிரி முட்டைகள் குவியலாக இருக்கும். ஒரே உடலில் ஆணும் பெண்ணும் இருப்பதால் வளர்ந்த நத்தை ஒவ்வொன்றுமே முட்டையிடும். அந்தக் குவியல்களை எடுத்து நசுக்கத் தொடங்கிய பிறகுதான் சாக்கடியில் கூட்டம் குறைந்தது. புது நாற்றுகளை இப்போது மாடித் திட்டில் வளர்த்து, தண்டு முற்றிய பிறகே பாத்திக்கு இறக்குகிறேன்.