அட்சய வருஷம், புதன்கிழமை

அக்டோபர் 7, செவ்வாய்

தம்பி 1746-ஆம் வருஷத்துப் புதுச்சேரிக்குப் போகப் போகிறான். அதற்கான சாமான் பெட்டி இன்னும் வரவில்லை. அதற்குள் தேதியையாவது தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

1746 செப்டம்பர் 21 விடியற்காலை புதுச்சேரியில் கிளம்பு. அரியாங்குப்பத்து ஆறு, சுண்ணாம்பாறு, பெண்ணையாறு. தண்ணீர் இருந்தால் ஓடம், இல்லாவிட்டால் மணலில் இறங்கி நட. இருபது கிலோமீட்டர் சொச்சம். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கூடலூர், அதாவது இன்றைய கடலூர், சேர்ந்துவிடலாம். தேவனாம்பட்டினத்துக் கோட்டை வாசலில் இங்கிலீஷ் சிப்பாயிடம் என்ன தேதி என்று கேள். செப்டம்பர் 10 என்பான். பொய் சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1582-லேயே போப்பாண்டவர் திருத்திய கணக்குக்கு மாறிவிட்டார்கள். இங்கிலீஷ்காரர்கள் 1752 வரை பழசையே பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். வித்தியாசம் பதினொரு நாள். மாறிய வருஷத்தில் அவர்களுக்கு செப்டம்பர் 2 புதன், மறுநாள் செப்டம்பர் 14 வியாழன்.

வருஷமும் இடிக்கும். அவர்களுக்கு அப்போது புது வருஷம் பிறப்பது மார்ச் 25. புதுச்சேரித் தலைமைத் துபாஷி (பிரெஞ்சுக்காரர்களின் மொழிபெயர்ப்பாளர்) கனகராய முதலி இறந்தது 1746 பிப்ரவரி. அந்தச் சேதியைக் கூடலூர்க் கோட்டையில் ஒருவன் உடனே எழுதி வைத்திருந்தால் 1745 என்றுதான் போட்டிருப்பான்.

நம் ஆட்களைக் கேட்டால் மூன்றாவது பதில் வரும்: அட்சய வருஷம், புரட்டாசி பிறந்து ஒன்பது பத்து நாள். வெறும் அட்சய என்றால் 1746-ம் அட்சய, 1806-ம் அட்சய, 1986-ம் அட்சய. ஜனவரி 14-ஐப் பொங்கல் என்று நம்பிப் போகாதே, அப்போது 10-ஆம் தேதி வாக்கில் முடிந்துவிடும்.

கிழமை ஒன்றுதான் மூன்று பேருக்கும் பொது. அன்று புதன். கோட்டையிலும் புதன், சத்திரத்திலும் புதன். தேதி கேட்காதே, கிழமை கேள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சும்மாவா சொன்னார்கள்.

அக்டோபர் 8, புதன்

மழை. பெட்டி இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

முந்தாநாள் எழுதியதில் ஓட்டை. ராத்திரி புரண்டு படுக்கும்போது உறைத்தது. கிழமையும் பொது கிடையாது! வெள்ளைக்காரனுக்கு நடுராத்திரியில் நாள் மாறும், நமக்குப் பொழுது விடிந்தால்தான். புதன் ராத்திரி இரண்டு மணிக்குக் கோட்டைக் காவலாளிக்கு வியாழன் பிறந்துவிட்டது. தென்னந்தோப்புக் காவலாளிக்கு இன்னும் புதன். ஆக, பகலில் மட்டும் கேள்.

மணி கேட்டால் நாழிகை சொல்வார்கள். ஒரு நாழிகை 24 நிமிஷம், நாளுக்கு 60. ஏழரை நாழிகை ஒரு சாமம். உதயத்திலிருந்து எண்ண வேண்டும். எத்தனை நாழிகையோ அதை இரண்டரையால் வகுத்து ஆறைக் கூட்டினால் நம் மணி. ஐந்து நாழிகை என்றால் காலை எட்டு.

விநாடி என்ற சொல்லைத் தொடாதே. அது நாழிகையில் அறுபதில் ஒன்று, அதாவது 24 செகண்டு. நீ “ரெண்டு விநாடி” என்று சொல்லிவிட்டு உடனே திரும்பி வந்தால் பரவாயில்லை. அவன் சொல்லிவிட்டுப் போனால் முக்கால் நிமிஷம் நிற்க வேண்டும். தெரியாத சொல்லைக் கேட்டால் விழிப்போம், திரும்பக் கேட்போம். தெரிந்த சொல்தான் கவிழ்க்கும். தம்பி இதைக் குறித்துக்கொள்ளவே இல்லை.

அக்டோபர் 11, சனி

இன்று எழுத்து. அரை மணியில் கண்ணீர் விடாத குறை.

காகிதத்தில் எழுதினாலும் கை ஓலைக்குப் பழகிய கை. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. குறிலுக்கும் நெடிலுக்கும் அதே ஒற்றைக் கொம்பு. இரட்டைச் சுழிக்கொம்பும், ஏகாரத்தின் கீழ் இழுப்பும், ஓகாரத்தின் சுழியும் வீரமாமுனிவர் செய்த திருத்தம். 1746-இல் அவர் உயிரோடு இருக்கிறார், மறு வருஷம்தான் காலமானார். ஆனால் கணக்குப்பிள்ளைகளின் கை அதற்கு இன்னும் பழகவில்லை. போதாக்குறைக்கு ரகரமும் காலும் ஒரே வடிவம்.

“பெர” என்று இரண்டு எழுத்தை எழுதிக் காட்டினேன். இது பெர, பெர், பேர, பேர், பொ, போ என்று ஆறில் எதுவாகவும் இருக்கலாம். முன்னால் ஓர் எண் இருந்தால் “பேர்”: இத்தனை பேர் வந்தார்கள். கடைசியில் நின்றால் “போ”. எண்ணும் இல்லை, கடைசியும் இல்லை என்றால் வரியை முழுக்க வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண்ணால் படித்தால் சிக்கிக்கொள்ளும், நாக்கில் போட்டால் அவிழும். அந்தக் காலத்தில் ஓலை வாசிப்பவன் உரக்க வாசித்தது பக்கத்தில் இருப்பவர்களுக்காக மட்டும் இருக்காது என்பது என் கட்சி.

அப்புறம் இது: எடுகொணடுவா.

“எடு, கொண்டு வா” என்றான். சரி. “ஏடு கொண்டு வா” என்றேன் நான். அதுவும் சரி. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப எது, அக்கா?” என்றான். பக்கத்தில் ஏடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ணை, லை, ளை எல்லாம் முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு வைத்து வரும். அது 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முன் அச்சான எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. இவன் அதைக்கூடப் பார்த்ததில்லை என்கிறான்.

அக்டோபர் 12, ஞாயிறு

எண். பூஜ்யம் கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனி அடையாளம். ௰௨ என்றால் 12, ௨௰ என்றால் 20. ௱௨ நூற்றிரண்டு, ௨௱ இருநூறு. முன்னால் நின்றால் பெருக்கு, பின்னால் நின்றால் கூட்டு. 1746 என்பது ௲௭௱௪௰௬. கடிதத்தின் தலையில் தனியாக நிற்கும் உ-வை இரண்டு என்று படித்துவிட்டான். அது பிள்ளையார் சுழி!

தேதிக் குறிகளும் பழக வேண்டும்: ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௸ மேற்படி. கணக்கில் ௶ பற்று, ௷ வரவு. கடைசி இரண்டை மாற்றிப் படித்தால் கடன்காரன் நீயாகிவிடுவாய்.

பின்னம் இன்னும் மோசம். கால், அரைக்கால் (எட்டில் ஒன்று), வீசம் (பதினாறில் ஒன்று), மா (இருபதில் ஒன்று), காணி (எண்பதில் ஒன்று), முந்திரி (320-இல் ஒன்று). கடைக்காரன் இதையெல்லாம் வாயாலேயே கூட்டுவான். “ஒன்றே முக்காலே அரைக்கால்” என்றால் இரண்டுக்கு அரைக்கால் குறைவு. முக்காலே மூணுவீசம் என்று நாம் இன்றைக்கும் சொல்கிறோமே, அது பதினாறில் பதினைந்து. எத்தனை பேருக்கு அது கணக்கு என்று தெரியும்?

அக்டோபர் 14, செவ்வாய்

வணக்கம் சொல்லாதே, நன்றி சொல்லாதே. சொல் இருக்கிறது, ஆளைப் பார்த்ததும் போடுகிற பழக்கம் இல்லை. கை கூப்பு, அதிகாரியானால் சலாம், சும்மா இரு. சமமான ஆளை “நீர்” என்பார்கள். அது எடுத்தெறிந்து பேசுவதாக இவன் காதில் விழும். முறைத்துக்கொள்ளக் கூடாது.

பிரெஞ்சு படித்தவன் என்கிற தைரியம் வேறு. இப்போது ராஜாவுக்கு “ருவா” என்கிறோம், அப்போது கோட்டையில் “ருவே” காதில் விழும். “பிரான்சே” என்று சொல்லிக்கொண்டே “பிரான்சுவா” என்கிற எழுத்தில் எழுதுவார்கள். அந்த எழுத்தை அவர்கள் அகாதெமி மாற்றியது 1835-இல்.

கரையில் படகுக்காரனிடமும் கிடங்கிலும் பாதிப் பேச்சு உடைந்த போர்த்துகீசில்தான் நடக்கும். நமக்கு அது அவ்வளவு அந்நியம் இல்லை. சாவி, மேசை, அலமாரி, ஜன்னல், பீப்பாய், ஏலம், பாதிரி எல்லாம் அங்கிருந்து வந்தவை. கிடங்கில் நின்றுகொண்டு “சாவி” என்றால் போர்த்துகீசியனும் திரும்பிப் பார்ப்பான்.

அக்டோபர் 15, புதன்

புதன். பெட்டி கூடலூர்க் கணக்கில் வருகிறதோ என்னவோ. பதினொரு நாள் பொறுக்க வேண்டுமோ.

அக்டோபர் 17, வெள்ளி

இவன் தோளில் இருக்கும் தழும்பு காசநோய்க்குக் குத்துகிற பி.சி.ஜி. அம்மை குத்திய தழும்பு இல்லை. இருக்கவும் முடியாது. இந்தியாவில் பெரியம்மை கடைசியாக வந்தது 1975, உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்தது 1980. இவன் அதற்கெல்லாம் பின்னால் பிறந்தவன். ஜென்னர் ஊசி 1796. அவன் போகிற வருஷத்துக்கு அது அரை நூற்றாண்டு தள்ளி.

இதை முதலில் அல்லவா யோசித்திருக்க வேண்டும். தேதி, விநாடி என்று பத்து நாளை வீணடித்திருக்கிறேன்.

யாரும் பெரியம்மை என்று நேராகச் சொல்லமாட்டார்கள். “முத்து போட்டிருக்கு” என்பார்கள். “ஆத்தா வந்திருக்கா” என்பார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்றால் அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறாள் என்று இவன் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவான். எனக்கு அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வருகிறது. வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் படி ஏறாதே. தண்ணீர் கொடுத்தாலும் வாங்காதே. மூன்று தரம் எழுதச் சொன்னேன். எழுதினான்.

அக்டோபர் 18, சனி

வேப்பிலை. நான்காவது தரம்.

அக்டோபர் 19, ஞாயிறு

சாப்பாடு சுலபம். மிளகாய் உண்டு, அது போர்த்துகீசியரோடு முன்னமே வந்துவிட்டது. தக்காளி ரசமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கேட்காதே. தக்காளி என்ற சொல் உண்டு, ஆனால் அது மணத்தக்காளி வகையறா. இன்றைய தக்காளி பிற்பாடு சீமைத்தக்காளி என்ற பேரில் வந்து, சீமையை உதறிவிட்டுப் பேரை எடுத்துக்கொண்டது. வீட்டில் காப்பி கிடையாது. அதைச் சொன்னபோதுதான் முகம் வாடியது, அம்மைக்கு வாடவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிச் சத்தத்தில் ஒன்றும் ஓடவில்லை. கோட்டையில் 21 பீரங்கி போட்டால் ஓடி ஒளியாதே, அது மரியாதை. எண்ணு.

அக்டோபர் 22, புதன்

பணம். 1736-இல் ஆற்காட்டு நவாபிடம் அனுமதி வாங்கிப் புதுச்சேரியிலேயே வெள்ளி ரூபாய் அடித்தார்கள். அதில் புதுச்சேரி என்று தேடினால் கிடைக்காது. பாரசீக எழுத்து, டில்லி பாதுஷா பேர், ஊர்ப் பேர் ஆற்காடு. பிறைக்குறி இருந்தால் புதுச்சேரி அடிப்பு. செம்புத் துட்டில் மட்டும் ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் ஊர்ப் பேர். கையில் துட்டு வைத்துக்கொள். ரூபாயை நீட்டினால் காசு மாற்றுகிற சராப்பு உரசிப் பார்ப்பான், தட்டிக் கேட்பான், வட்டம் என்று கழிவு பிடிப்பான்.

தூரத்துக்கு “நாழிகை வழி” என்பார்கள், ஒரு நாழிகையில் நடக்கிற தூரம். கூடலூருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று நாழிகை வழி இருக்கும். இங்கிலீஷ்காரன் 1690-இல் மராத்தியரிடம் கோட்டையை வாங்கியபோது எல்லையைப் பீரங்கியால் அளந்தான். குண்டு விழுந்த இடம் வரை அவனுக்கு. குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் பேர் இருக்கிறது, பஸ்ஸில் போகிறவர்கள் வேறு குண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அக்டோபர் 24, வெள்ளி

பெட்டி வந்தது. துட்டு எட்டு, எழுத்தாணி ஒன்று, எழுதாத ஓலை ஒரு கட்டு. கேட்ட ஏடு ஒன்று, மூங்கில் சட்டத்தோடு. மசியில் எழுதிய காகிதம் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரித்தால் கிழியும், நிழலில் விட்டிருக்கிறேன். புதனுக்கு ஐந்து நாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

கேட்டேன், இரண்டு விநாடி எவ்வளவு. நாற்பத்தெட்டு செகண்டு என்றான். வேப்பிலை? ஏறமாட்டேன்கா என்றான்.

அக்டோபர் 29, புதன்

உதயத்துக்கு முன் எழுந்து பார்த்தேன், படுக்கை சுருட்டியிருந்தது. நம் கணக்கில் இன்னும் செவ்வாய்தான்.

மேசையில் ஒரு சீட்டு. இவன் கை. புள்ளி வைக்காமல், ஒற்றைக் கொம்பு போட்டு: எடுகொணடுவா.

ஏடு மேசையில் இருக்கிறது. பெட்டியும் இருக்கிறது.