நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை!

இன்று ரயிலில் மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலை, அமெரிக்க அடிமைமுறைக் காலத்துக் கதை, படித்துக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் பக்கத்து ஆள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுவிட்டது.

நீராவிப் படகில் சிலிண்டர் வெடித்துவிட்டது என்று சாலி அத்தையிடம் புளுகுகிறான் கதை சொல்லும் சிறுவன் ஹக். யாருக்காவது அடிபட்டதா என்று பதறுகிறாள். இல்லை, ஒரு கறுப்பன் செத்துப்போனான் என்கிறான். நல்லவேளை, சில சமயம் மனிதர்களுக்கு அடிபட்டுவிடுகிறது என்கிறாள்!

அதோடு விடுகிறாளா? முன்பு இதே மாதிரி வெடிப்பில் செத்த வேறொருவர் கதையை எடுக்கிறாள். அவர் பாப்டிஸ்டாம், உடம்பெல்லாம் நீலம் பாரித்ததாம். மதப்பிரிவு வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. இந்தக் கறுப்பனைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

இத்தனைக்கும் சாலி கொடுமைக்காரி இல்லை, வாய் நிறைய உபசரிக்கிற நல்ல மனுஷி. ஹக்குக்கு ஜெபம் சொல்லித்தரும் மிஸ் வாட்சனும் அப்படித்தான், 800 டாலர் கிடைக்கும் என்றதும் தன் அடிமை ஜிம்மை விற்க மனசு தடுமாறுகிறவள்.

தப்பியோடிவந்த ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டு, சரி, நரகத்துக்கே போகிறேன் என்கிறான் ஹக். தான் செய்வது பாவம் என்று கடைசிவரை நம்புகிறான் பையன். ட்வைன் குறுக்கே வந்து திருத்துவதே இல்லை, அதுதான் கெட்டிக்காரத்தனம்.

கடைசி அத்தியாயங்களில் ஹக்கின் நண்பன் டாம் சாயர் அடிக்கும் கூத்து பலருக்கும் எரிச்சல். எனக்கும்தான். ஆனால் ஜிம் ஏற்கெனவே விடுதலையான ஆள், அது டாமுக்குத் தெரியும், தெரிந்தே அவனை அடைபட்டிருக்க விட்டு, தப்புவிப்பதாக விளையாடுகிறான். அதனால் அது எனக்கு வெறும் கூத்தாகத் தெரியவில்லை: அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865இல், நாவல் அங்கே வந்தது 1885இல்.