ஸ்கார்பரோவில் ஒரு வரி மேசை

திருச்சியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். டொராண்டோ வந்து இறங்கியதும் அந்த அனுபவத்தைக் கேட்பாரில்லை. எங்கே போனாலும் கனடா அனுபவம் இருக்கிறதா என்ற ஒரே கேள்விதான். சரி என்று டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் நின்றேன். சம்பளம் வந்தது, வாடகை கட்டினோம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் இரவு படுத்தால், இன்றைக்கு நான் இல்லாமலே போயிருந்தாலும் யாருக்கு என்ன குறைந்திருக்கும் என்று மனம் கேட்கும். ஊரில் அப்படி ஒருநாளும் தோன்றியதில்லை. வருமான வரி நோட்டீஸ் வந்தால் தெருவில் பாதிப்பேர் என்னைத்தான் தேடி வருவார்கள்.

இங்கே மார்ச், ஏப்ரல் மாதங்களில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிக் கணக்குத் தாக்கல் செய்துகொடுக்கும் முகாம்கள் நடக்கும். கனடா வருவாய் முகமையும் உள்ளூர் சமூக அமைப்புகளும் சேர்ந்து 1971 முதல் நடத்திவரும் திட்டம் அது. படிவம் போடுகிறவர்கள் தன்னார்வலர்கள், ஒரு காசு வாங்கக் கூடாது. உண்மையைச் சொன்னால், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கனடா அனுபவம் என்று எழுத ஏதாவது வேண்டுமே என்றுதான் நான் பெயர் கொடுத்தேன். அதில் தப்பில்லை, பலரும் அதற்காகத்தான் வருகிறார்கள். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்த பிறகு காரணம் மாறிவிட்டது.

இந்த நாட்டில் வரிக் கணக்கு என்பது வரி கட்டுவதற்கு மட்டுமில்லை. அரசாங்கம் கொடுக்கும் உதவிப் பணத்தில் பெரும்பகுதி அதன்மேல்தான் நிற்கிறது. பிள்ளைகளுக்கு மாதாமாதம் வரும் பணம், விற்பனை வரிக்கு ஈடாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஜிஎஸ்டி பணம், ஒன்டாரியோ மாகாணத்தின் ட்ரில்லியம் உதவிப் பணம், வருமானம் குறைந்த முதியவர்களுக்கு ஓய்வூதியத்தோடு கூடுதலாக வரும் ஜிஐஎஸ், எல்லாவற்றையும் போன வருடம் தாக்கல் செய்த கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு டாலர் வருமானம் இல்லாவிட்டாலும் ஏப்ரல் 30க்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கான பணத்துக்கு கணவன், மனைவி இரண்டு பேரும் செய்ய வேண்டும். நம் ஊரில் வருமானம் இல்லாதவர் வரி அலுவலகம் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார், அதே பழக்கத்தோடு இங்கே வருகிறவர்கள்தான் இழக்கிறார்கள். படிக்க வந்த பையன்கள் பலருக்கு ஜிஎஸ்டி பணம் தங்களுக்கும் கிடைக்கலாம் என்பதே தெரியாது.

நான் உட்கார்ந்த முகாமுக்கு வந்தவர்களில் அதிகம்பேர் யாழ்ப்பாணத்து முதியவர்கள். ஒரு அம்மா ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கடிதங்களோடு வந்தார், பாதி உறைகள் பிரிக்கப்படவே இல்லை. ஜூலையோடு தனக்கு வந்த பணம் குறைந்துவிட்டது என்றார். புருஷன் போனபிறகு அரசாங்கம் தனக்கு இவ்வளவுதான் என்று தீர்மானித்துவிட்டதாக நினைத்திருந்தார், அதனால் யாரிடமும் கேட்கவில்லை.

"அவர் இருக்கேக்க எல்லாம் அவர்தான் பாத்தவர் பிள்ளை. எனக்கு ஒண்டும் தெரியாது. மகனுக்கு ரெண்டு வேலை, அவனைக் கரைச்சல்படுத்த விருப்பமில்லை."

கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் விஷயம் எளிது. அதுவரை கணவர்தான் தாக்கல் செய்துவந்தார், அவர் இறந்த வருடத்துக்கு இவருடைய கணக்கை யாரும் போடவில்லை, ஏப்ரல் தாண்டியதும் ஜூலையில் ஜிஐஎஸ் நின்றுவிட்டது. ஓஏஎஸ் என்கிற முதியோர் ஓய்வூதியம் மட்டும் வந்துகொண்டிருந்தது. தாக்கல் செய்தால் திரும்ப வரும், அதோடு தனியாக இருப்பவருக்கான தொகை தம்பதியில் ஒருவருக்கான தொகையைவிட அதிகம். கணவர் இறந்ததை வரிக்காரர்களிடமும், ஓய்வூதியத்தைக் கவனிக்கும் சர்வீஸ் கனடாவிடமும் தெரிவிக்க வேண்டும். இறந்தவருடைய கடைசிக் கணக்கை எங்கள் முகாமில் போட முடியாது, அதற்கு வேறு இடத்துக்கு அனுப்பினோம். மற்றதெல்லாம் அன்று மத்தியானத்துக்குள் முடிந்தது. "அம்மா, இது யாரும் உங்களுக்கு இரக்கப்பட்டுத் தர்ற பணம் இல்ல, உங்களுக்குச் சேர வேண்டியது" என்றேன். பதில் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

சில மாதம் கழித்து கல்லாவில் என் வரிசையில் வந்து நின்றார். பணம் வந்துவிட்டதாம், பேரனுடைய பிறந்தநாளுக்குத் தன் காசில் சப்பாத்து (ஷூ) வாங்கிக் கொடுத்தாராம். "ஆரிட்டயும் கேக்கேல்லைப் பிள்ளை" என்று அவர் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த மார்ச்சில் தன் கட்டிடத்திலிருந்து இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்தார், ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை.

நல்லது செய்தால் மனநிறைவு வரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம், எனக்கு அது ஒரு பொதுப்பேச்சாகத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு வேலை, யாரும் விலை கொடுத்து வாங்க முன்வராத வேலை, ஒருவருடைய மாதச் செலவை மாற்றுகிறது என்று கண்ணால் பார்த்தபோதுதான் நான் இந்த ஊர்க்காரி ஆனேன். நிரந்தர வதிவிட அட்டை அதற்கு முன்பே கையில் இருந்தது, அது செய்யாததை அந்த மேசை செய்தது.

எல்லாருக்கும் உதவ முடிகிறதென்று நினைக்காதீர்கள். ஊபர், டாக்சி ஓட்டுகிறவர்கள் சுயதொழில் கணக்கில் வருவதால் பொதுவாக அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு மணிநேரம் வண்டி ஓட்டிவிட்டு வந்து வரிசையில் நின்ற மனிதரிடம் முடியாது என்று சொல்வது கஷ்டம். அவர்களுக்குத் தாக்கல் செய்ய ஜூன் 15 வரை நேரம் உண்டு, ஆனால் வரி பாக்கி இருந்தால் ஏப்ரல் 30க்குள் கட்ட வேண்டும். இதைச் சொல்லி ஒரு தாளில் எழுதியாவது கொடுத்து அனுப்புகிறேன்.

இப்போது ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே மார்ச், ஏப்ரலில் மூச்சுவிட நேரமிருக்காது, இருந்தாலும் சனிக்கிழமைகளை முகாமுக்கென்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன். புதிதாக வந்து, படித்த படிப்பு வீணாகிறதே என்று உட்கார்ந்திருக்கிறவர்கள் உங்கள் பக்கத்துச் சமூக மையத்தில் கேட்டுப்பாருங்கள். கணக்குப் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பயிற்சி அவர்களே தருகிறார்கள். போலீஸ் சரிபார்ப்புக்கு நாளாகும், அதனால் ஜனவரியிலேயே போய்விடுங்கள். தமிழ் பேசத் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், உங்களுக்கு வரிசை தானாக வந்து சேரும்.