பகல்ல தெரிஞ்ச அரை நிலா

நிலா தேயறதுக்குக் காரணம் பூமியோட நிழல்தான்னு ரொம்ப வருஷமா நம்பிட்டு இருந்தேன். யாரும் அப்படி சொல்லிக் குடுத்ததா ஞாபகம் இல்ல, எப்படியோ மனசுல வந்து ஒக்காந்துருச்சு. ஒருநாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும், மொட்டைமாடிக்குப் போனா கிழக்குப் பக்கம் நல்ல ஒசரத்துல அரை நிலா வெள்ளையா நிக்குது, மேற்குல சூரியன் இன்னும் சுள்ளுன்னு அடிச்சிட்டு இருக்கு. ரெண்டும் ஒரே வானத்துல! பூமியோட நிழல் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம்தானே விழணும், அதாவது நம்ம காலுக்குக் கீழ எங்கயோ போயிட்டு இருக்கணும், அது எப்படி மேல நிக்கிற நிலாவ பாதியா மறைக்கும்? அன்னைக்கு அந்த நம்பிக்கை போச்சு.

விஷயம் இவ்ளோதான், நிலாவோட ஒரு பாதில எப்பவுமே வெயில் அடிச்சிட்டுதான் இருக்கு. அந்த வெயில் பாதியில எவ்வளவு நம்ம பக்கம் திரும்பியிருக்குங்கறதுதான் பிறை, அரை நிலா, பௌர்ணமி எல்லாமே. இத நம்பணும்னா ஒண்ணு பண்ணிப் பாருங்க. பகல்ல நிலா தெரியும்போது வெயில்ல நின்னு ஒரு வெள்ளைப் பந்த கைய நீட்டி நிலாவுக்குப் பக்கத்துல தெரியுற மாதிரி பிடிங்க, நிலா எந்த ஷேப்ல இருக்கோ அச்சு அசலா அதே ஷேப்ல பந்து மேலயும் வெளிச்சம் விழுந்திருக்கும். எனக்கு முதல் தடவ பாத்தப்போ ஒடம்பு சிலிர்த்துருச்சு. ஒரே சூரியன் கைல இருக்குற பந்துக்கும் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்குற நிலாவுக்கும் ஒரே கோணத்துல வெளிச்சம் குடுக்குது.

பூமியோட நிழல் நிஜமாவே நிலா மேல விழறது சந்திர கிரகணத்தப்ப மட்டும்தான், அதுவும் பௌர்ணமி அன்னைக்குத்தான் நடக்கும். நிலா சுத்துற பாதை 5 டிகிரி சாஞ்சு இருக்கறதால பெரும்பாலான பௌர்ணமில நிலா நிழலுக்கு மேலயோ கீழயோ தப்பிச்சுப் போயிடுது.

இது புரிஞ்சதுக்கப்புறம் நிலாவப் பாத்தே மணி சொல்லலாம். வளர்பிறை அரை நிலா மதியம் போல உதிச்சு நடுராத்திரி வாக்குல மறையும், பௌர்ணமி நிலா சூரியன் மறையுற நேரத்துல வரும், தேய்பிறை அரை நிலா நடுராத்திரிக்குத்தான் கிளம்பும். ஒவ்வொரு நாளும் சராசரியா 50 நிமிஷம் லேட். படத்துல நடுராத்திரி உச்சி வானத்துல மெல்லிசா ஒரு பிறைய வரைஞ்சு வச்சிருப்பாங்க பாருங்க, அது நடக்கவே நடக்காது, பிறை எப்பவும் சூரியனுக்குப் பக்கத்துலயே சுத்திட்டு இருக்குற ஆள். வலது பக்கம் வெளிச்சம்னா வளர்பிறைன்னு மனப்பாடம் பண்றதும் எல்லா ஊருக்கும் சரிப்படாது, பூமியோட தெற்குப் பாதில அது தலைகீழ், நடுக்கோட்டுப் பக்கம் பிறை படகு மாதிரி மல்லாந்து கிடக்கும். சூரியன் எந்தப் பக்கமோ வெளிச்சம் அந்தப் பக்கம், அத மட்டும் ஞாபகம் வச்சா போதும்.

பைனாகுலர் இருந்தா பௌர்ணமி அன்னைக்குப் பாக்காதீங்க, வெயில் நேரா விழறதால எல்லாம் தட்டையா தெரியும். அரை நிலா சமயத்துல வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டுக்கிட்ட பாருங்க, பள்ளமும் மலையும் நீள நீளமா நிழல் போட்டு நிக்கும். 1609ல கலிலியோ டெலஸ்கோப்ல பாத்தப்போ இருட்டுப் பக்கத்துக்குள்ள தனித்தனியா சின்ன வெளிச்சப் புள்ளிங்க தெரிஞ்சுது, அதெல்லாம் காலை வெயில் முதல்ல பட்ட மலை உச்சிங்கன்னு அவர் புரிஞ்சுக்கிட்டார். இந்த நிழலாலயும்தான் அரை நிலாவோட வெளிச்சம் பௌர்ணமில பாதிகூட வராது, கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்குதான்.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது மூணாம் பிறைதான். மெல்லிசான பிறைக்குள்ள மீதி வட்டமும் மங்கலா சாம்பல் கலர்ல தெரியும் இல்லையா, அது பூமியோட வெளிச்சம். நமக்கு அமாவாசைன்னா நிலாவுல இருந்து பாத்தா பூமி முழுசா ஜொலிக்கும். சூரிய வெளிச்சம் நம்ம மேகத்துலயும் கடல்லயும் பட்டு, நிலாவுக்குப் போய், மறுபடி நம்ம கண்ணுக்கே வருது. அமாவாசை முடிஞ்சு மூணாம் நாள், சூரியன் இறங்கி ஒரு அரை மணி நேரம் கழிச்சு மேற்குல பாருங்க, ரொம்ப நேரம் நிக்காது.