20 செ.மீ. கர்னல்: மூன்றாம் மாதம்

நான் செய்துகொண்டிருக்கிற 20 செ.மீ. உயரச் சின்னச் சிலை, கர்னல் பொலொன்யேசி. போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டேன். இரண்டு மாத வேலைதான். ஆனால் நிற்கிற விதமே தப்பு என்று தெரிந்த பிறகு மேலே மேலே புட்டி (உருவம் பிடிக்கிற, காய்ந்தால் இறுகிவிடும் பசை) அப்பிக்கொண்டிருக்க மனசு வரவில்லை.

பெரு நாட்டுக் கர்னல் ஃபிரான்சிஸ்கோ பொலொன்யேசி 1816இல் லிமாவில் பிறந்தவர். அப்பா இத்தாலியிலிருந்து வந்த இசைக்கலைஞர். இவர் வியாபாரம் பார்த்துவிட்டு, 35 வயதுக்கு மேல்தான் ராணுவத்தில் நிலைத்தார். பீரங்கிப் படைக்காரர். 1879இல் சிலியோடு போர் மூண்டபோது ஓய்வு பெற்றிருந்தவர், 62 வயதில் திரும்பிப் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் ஜூன் 7ஆம் தேதி, அரிக்கா துறைமுகத்தை ஒட்டிய மோர்ரோ குன்றின் மேல் சண்டையில் இறந்தார்.

முதலில் நான் செய்யப் பார்த்தது அந்தக் கடைசி நிமிஷத்தைத்தான். லிமாவில் அவர் பெயரில் உள்ள சதுக்கத்தில் 1905இல் வைத்த சிலை, ஸ்பெயின் சிற்பி அகுஸ்தின் கெரோல் செய்தது. அடிபட்டவர் கொடியை அணைத்தபடி சரிகிற நிலை. வீரரை இப்படி விழுகிற மாதிரியா காட்டுவது என்று பலருக்கு மனத்தாங்கல். 1954இல் அதை எடுத்துவிட்டு, நிமிர்ந்து நிற்கும் சிலை ஒன்றை வைத்தார்கள். எனக்குப் பழையதுதான் பிடிக்கும். ஆனால் 20 செ.மீ. உயரத்தில் அந்தச் சரிவு என் கைக்கு வரவில்லை. தூக்கத்தில் சாய்கிறவர் மாதிரி இருந்தது.

அப்புறம்தான் ஜூன் 5ஐ நினைத்தேன். தாக்னா நகரில் மே 26 அன்று பெருவும் அதன் கூட்டாளி பொலிவியாவும் சிலியிடம் தோற்றபின் அரிக்கா தனியாக மாட்டிக்கொண்டது. சுற்றி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிலி வீரர்கள். இவரிடம் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. சரணடையச் சொல்லி சிலியின் தூதராக மேஜர் ஹுவான் தெ லா குரூஸ் சால்வோ வருகிறார். கடைசித் தோட்டாவைச் சுடும்வரை சண்டை போடுவேன் என்கிறார் பொலொன்யேசி. அதோடு விடவில்லை. தன் அதிகாரிகளைக் கூப்பிட்டு, தூதர் முன்னாலேயே அவர்களுடைய முடிவையும் கேட்கிறார். எல்லாரும் அதையே சொல்கிறார்கள். சாகப்போகிறவர்களைக் கேட்காமல் முடிவெடுக்காத அந்த மனுஷரைத்தான் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

நிற்கிற நிலைக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். அவருக்கும் 63 வயது, கர்னல் இறந்தபோது இருந்த அதே வயது. "சும்மா யாருக்கோ காத்திருக்கிற மாதிரி நில்லுங்கப்பா" என்றேன். நிமிரவில்லை. பாரம் முழுக்க குதிகாலில், முழங்கால் லேசாக மடங்கி, இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. நான் வெட்டிப்போட்ட கால்கள் இருபது வயதுப் பையனுடையவை என்பது அப்போதுதான் புரிந்தது.

புதுக் கால்களுக்கு 1.5 மி.மீ. செம்புக்கம்பியை இரட்டையாக முறுக்கினேன். புட்டி பாதி இறுகியதும் ஊசியால் தாடியைக் கோடு கோடாக இழுத்தேன். நேராக வெள்ளை அடித்தால் தாடி பஞ்சு ஒட்டியது மாதிரி ஆகிவிடும். அதனால் சாம்பலும் கொஞ்சம் பழுப்பும் கலந்து அடியில் கொடுத்து, முடி நுனிகளை மட்டும் காய்ந்த பிரஷ்ஷால் வெண்மஞ்சளில் தொட்டேன். கோட்டுக்குக் கருநீலம் ஒரு கை அடித்தாகிவிட்டது. மூன்று மாதத்தில் எனக்கு முழுத் திருப்தி தந்தது அந்தத் தாடிதான்.

"யாருக்குடா காத்திருக்கார் இவரு?" என்று அப்பா கேட்டார். பெருவின் அரெக்கிபா நகரிலிருந்து கர்னல் லெய்வா படையோடு வருவார் என்ற நம்பிக்கையில், சீக்கிரம் வரச் சொல்லித் தந்தி அடித்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். படை வரவே இல்லை. பிள்ளைகள் உண்டா என்றார். என்ரிக்கே, அகுஸ்தோ என்று இரண்டு மகன்கள் ராணுவத்தில் இருந்தார்கள்; லிமாவைக் காக்க நடந்த சண்டையில் அடிபட்டு 1881 ஜனவரியில் இருவரும் இறந்தார்கள் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

கை விரல்கள் இன்னும் பாக்கி. வலது கையை மேஜை மேல் ஊன்றியபடி வைக்கலாம் என்று இருக்கிறேன். அடுத்த ஞாயிறும் வந்து நிற்கிறேன் என்றிருக்கிறார் அப்பா.